ஏர் பிடித்த கைகள் – 9: கடனோடு வந்த நிலம்

சென்ற வாரம், முதல் உலகப்போரில் சண்டையிட்ட அமெரிக்கப் படைவீரர் ஆல்வின் யார்க்கை அர்கோன் காட்டில் விட்டுவிட்டு வந்தோம். 1918 அக்டோபர் 8. பிரான்ஸில் ஷாடெல்-ஷெஹெரி கிராமத்தை ஒட்டிய குன்று. ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகளைப் பின்பக்கமாகப் போய் மடக்க அனுப்பப்பட்ட 17 பேரில் ஆறு பேர் செத்துவிழுந்தார்கள். தலைமை தாங்கியவருக்கும் பலத்த காயம். பொறுப்பு கார்ப்பரல் யார்க் தலையில் வந்து விழுந்தது.

துப்பாக்கி முனையில் கத்தி செருகிய ஜெர்மானியர் சிலர் வரிசையாக அவரை நோக்கி ஓடி வந்தார்கள். யார்க் கைத்துப்பாக்கியை எடுத்து முதலில் சுட்டது, கடைசியாக வந்தவனை. அடுத்து, அவனுக்கு முன்னால் வந்தவனை. டென்னசி மலைகளில் காட்டு வான்கோழியை இப்படித்தான் சுடுவார்கள். முன்னால் போவது விழுந்தால் மற்றவை கலைந்துவிடும். பின்னால் விழுவது முன்னால் போவதற்குத் தெரியாது. பதினோரு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்து, வயலிலும் அப்பாவின் கொல்லுப் பட்டறையிலும் வளர்ந்தவருக்கு வேட்டை விளையாட்டல்ல, வீட்டுச் சாப்பாடு. அந்தக் கை அன்று மனிதர்கள்மேல் திரும்பியது. அவரும் மிஞ்சிய ஏழு பேருமாக 132 பேரைக் கைதிகளாக அழைத்து வந்தார்கள்.

கட்டாய ராணுவச் சேர்ப்புப் படிவத்தில் தனக்குச் சண்டை போட விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தவர் அவர். கொல்லாதே என்ற வேதக் கட்டளையை அப்படியே நம்பியவர். மறுநாள் காலை அனுமதி கேட்டு அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். யாராவது உயிரோடு கிடக்கிறார்களா என்று தேடினார். இரு தரப்பிலும் செத்தவர்களுக்காக ஜெபம் செய்தார். 132 என்ற எண்ணைவிட இந்தக் காலை நேரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1919 மே மாதம் நியூயார்க் அவரைக் கொண்டாடியது. விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் பெரும்பணத்தோடு ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லாவற்றையும் மறுத்துவிட்டு ஊருக்குப் போய், ஜூன் 7-ல் தன் காதலி கிரேசியைக் கைப்பிடித்தார். மாநில ஆளுநரே முன்னின்று நடத்திவைத்த கல்யாணம்.

அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்று: நிலம். நாஷ்வில் ரோட்டரி சங்கத்தார் நன்கொடை திரட்டி, சொந்த ஊரிலேயே 400 ஏக்கர் தருவதாகச் சொன்னார்கள். விவசாயி வீட்டுப் பிள்ளை இதற்கு எப்படி வேண்டாம் என்பார்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்போம். ஆனால் இந்த நிலத்துக்கு முழு விலையையே யாரும் கட்டியிருக்கவில்லை. திரட்டிய பணம் போதாமல் தவணை நின்றது. பாக்கி யார்க்கின் கழுத்தில் ஏறியது. மாடு, தட்டுமுட்டுச் சாமான் வாங்கவும் கடன். அந்த நேரம் பார்த்துப் போர்க்காலத்தில் ஏறியிருந்த விளைபொருள் விலை நாடெங்கும் சரிந்தது. விதைத்தவனுக்கு விதைக்கூலிகூடத் தேறாத காலம். 1921-ல் அவருடைய கடன் கணக்கு பத்திரிகைகளில் சந்தி சிரித்தது. மறுபடி பொதுமக்களிடம் கையேந்தித்தான் அது அடைந்தது. கௌரவம் செய்கிறேன் என்று ஒரு மனிதனைக் கடனாளி ஆக்குவது கௌரவமே அல்ல.

இத்தனைக்குப் பிறகும் அதே நிலத்தை அவர் அடமானம் வைத்தார். மலைக்கிராமப் பிள்ளைகளுக்காக ஜேம்ஸ்டவுனில் தான் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்குப் பஸ் விடுவதற்காக. சிறுவயதில் மொத்தமாக ஒரு வருடம்கூடப் பள்ளிக்கூடம் போகாதவர் அவர். வெளியுலகம் பார்த்து வந்தபின் அந்தக் குறை அவரை உறங்கவிடவில்லை.

இருபது வருடம் மறுத்த சினிமாவுக்குக் கடைசியில் சம்மதித்ததும், ஒரு வேதாகமப் பள்ளி கட்டப் பணம் வேண்டும் என்பதால்தான். ‘சார்ஜென்ட் யார்க்’ 1941-ல் வெளிவந்தது. அவராக நடித்த கேரி கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தது. யார்க்குக்கு வந்தது வருமான வரி நோட்டீஸ். வட்டியோடு சேர்ந்து பாக்கி 1,72,000 டாலர் என்று ஏறி நின்றபோது, பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். 1961-ல் சபாநாயகர் சாம் ரேபர்ன் நிதி திரட்டி, 25,000 டாலரில் அதை முடித்துவைத்தார்.

1964 செப்டம்பர் 2-ல் நாஷ்வில்லில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் யார்க் இறந்தார். ஜேம்ஸ்டவுன் பள்ளிக்கூடம் அவர் பெயரில், மாநில அரசின் செலவில் இன்றும் நடக்கிறது.

(தொடரும்)