பருந்து இன்னும் வந்துசேராத இடம்

பெரியநீலாவணைக் கடற்கரையில் கரைவலையின் மடி கரையை நெருங்கும் நேரம் செம்பருந்துகளுக்கு நன்றாகத் தெரியும். தென்னைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்து தலைக்கு மேலே வட்டமிடும். திடீரென ஒன்று சரிந்திறங்கி, ஓரத்தில் துள்ளும் சூடையைக் காலால் கவ்வி, பறந்தபடியே தின்னத் தொடங்கும். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல், ஒரு மீற்றருக்கும் மேலே விரியும் சிறகு. கமராவோடு நிற்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பருந்தின் கண் படத்தில் கூர்மையாக விழ, கமராவுக்குள் ஒரு பெரிய கணக்கு நடந்தாக வேண்டும்.

500 மில்லிமீற்றர் லென்ஸ், 5.6 துளை, பருந்து 20 மீற்றர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். முன்பின்னாகத் தெளிவாக விழும் ஆழம், அதாவது புலவாழம், ஏறத்தாழ அரை மீற்றர்தான். பருந்தோ செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. கல்முனை பஸாருக்குள் ஓடும் முச்சக்கரவண்டியின் வேகம் அது. அந்த அரை மீற்றரைக் கடக்க அதற்கு 1/20 செக்கன் போதும். கண் இமைக்க எடுக்கும் நேரத்தைவிட இது குறைவு.

முதலில், பருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கமரா எப்படி அறிகிறது? கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. விரல் இடம் மாறித் தாவும். விரலை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். கமரா தன் ஒற்றை லென்ஸையே இரண்டு கண்ணாக்கிக்கொள்கிறது. லென்ஸின் இடப்பாதி வழியாக வரும் காட்சியும் வலப்பாதி வழியாக வரும் காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் படம் தெளிவு. குவியம் தப்பினால் இரண்டும் விலகி நிற்கும். எந்தப் பக்கம் விலகியது என்பது லென்ஸ் திரும்ப வேண்டிய திசையையும், எவ்வளவு விலகியது என்பது திரும்ப வேண்டிய அளவையும் சொல்லிவிடும். ஒரே அளவீட்டில் இரண்டு விடைகள்! இதற்குக் கட்ட வேறுபாட்டு முறை என்று பெயர். 1985இல் வந்த மினோல்டா 7000 இந்த முறையிலான தன்னியக்கக் குவியத்தை, நாம் ஓட்டோ போகஸ் என்பதை, எஸ்.எல்.ஆர். கமராவின் உடலுக்குள்ளேயே வைத்து வெற்றி கண்டது. 2013இல் கெனன் 70டி வந்தபோது, படத்தைப் பதியும் சில்லில் இருந்த 2 கோடிப் படப்புள்ளிகள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது. படம் பிடிக்கும் புள்ளிகளே தூரத்தையும் அளக்கத் தொடங்கின.

இந்த முறைக்கு ஒரு குருட்டுத்தனமும் உண்டு. இட வலமாகப் பிளந்த புள்ளிக்குக் கிடைக்கோடு தெரியாது, ஏனென்றால் கிடைக்கோட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினாலும் அது அதே கோடுதான். சிறகை மட்டமாக விரித்து நேரே வரும் பருந்து கிட்டத்தட்ட அப்படி ஒரு கோடு! 2022இல் வந்த ஓ.எம்.-1 கமராவில் புள்ளிகளை நான்காகப் பிளந்து, 1,053 குவியப் புள்ளிகளையும் கிடையும் குத்துமாக இரு திசையிலும் பார்க்க வைத்தார்கள்.

தூரம் தெரிந்தாலும் வேலை முடியவில்லை. அளந்து, லென்ஸை நகர்த்தி, ஷட்டர் திரை திறப்பதற்குள் பருந்து அங்கே இல்லை. எனவே கமரா அடுத்தடுத்து அளந்த தூரங்களிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு, திரை திறக்கும் கணத்தில் பருந்து எங்கே இருக்குமோ அந்த இடத்துக்கு லென்ஸை முன்கூட்டியே அனுப்புகிறது. இதுதான் முன்கணிப்புக் குவியம். 1980களின் கடைசியில் பிறந்த இந்த உத்தியை நான் ஓட்டோ போகஸின் ஆகப் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். அன்றைய எஸ்.எல்.ஆர். கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி மேலெழும். அந்த நேரம் குவிய உணரிக்கு ஒன்றும் தெரியாது. பார்வை மறைந்த நிலையிலும் அது சரியாகக் கணித்தது. கண்ணாடியில்லாத இன்றைய கமராக்களுக்கு அந்தத் தடை இல்லை. 2021இல் வந்த சோனி ஆல்பா 1 செக்கனுக்கு 120 முறை வரை கணக்கிடும். நம் பருந்து ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 8 சென்ரிமீற்றர்தான் நகர்ந்திருக்கும்.

பருந்து ஒரே வேகத்தில் வந்தாலும் லென்ஸ் ஒரே வேகத்தில் நகர்ந்தால் போதாது. எளிய 500 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றில், 20 மீற்றரிலிருந்து 19.5க்குக் குவியத்தை மாற்ற அதன் வில்லை 0.34 மில்லிமீற்றர் நகர்ந்தால் போதும். அதே அரை மீற்றரைப் பருந்து 10 மீற்றர் தூரத்தில் கடந்தால் கிட்டத்தட்ட 1.5 மில்லிமீற்றர் நகர வேண்டும். கிட்ட வர வர நான்கு மடங்கு ஓட்டம்! அதனால்தான் பெரிய லென்ஸ்களில் முன்னாலுள்ள கனத்த வில்லையை அசைக்காமல், உள்ளே இருக்கும் சிறிய, பாரமில்லாத வில்லைகளை மட்டும் ஓட்டுகிறார்கள்.

பருந்துக்குப் பின்னால் தென்னை வரிசை வந்தால் குவியம் ஓலைக்குத் தாவும் பழைய தொல்லையும் இப்போது குறைந்துவிட்டது. ஏராளமான பறவைப் படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நரம்பு வலை, உடலைக் கண்டு, தலையைக் கண்டு, கண்ணைப் பிடிக்கிறது. கண் மறைந்தால் தலை, தலையும் மறைந்தால் உடல்.

இவ்வளவுக்கும் முன்கணிப்புக்குப் பழைய அளவீடுகள் வேண்டும். பருந்து சரியத் தொடங்குமுன்பே பொத்தானைப் பாதி அழுத்திப் பின்தொடர்ந்தால்தான் அவை சேரும். மற்ற உதவி காற்றிடமிருந்து. பறவைகள் தாழ இறங்கும்போது பெரும்பாலும் காற்றை எதிர்கொள்ளும். நம் கரையில் காலையில் சூரியன் கடலுக்கு மேலே நிற்பதால் பருந்தின் முகம் நிழலாகிவிடும். கச்சான் பலமாக வீசும் மாதங்களில், அஸருக்குப் பிந்திய வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து அடிக்க, காற்றும் தரையிலிருந்து கடலுக்குப் போகும். வலைக்கு மேலே வரும் பருந்து ஒளியைப் பார்த்தபடி நம் பக்கம் முகம் திருப்பிப் பறக்கும். செக்கனுக்கு 7 மீற்றர் காற்றை எதிர்த்து 10 மீற்றர் வேகத்தில் பறப்பது நிலத்தில் 3 மீற்றர்தான் முன்னேறும். 1/20 செக்கனில் 15 சென்ரிமீற்றர். அரை மீற்றர் புலவாழத்துக்குள் அது தாராளமாக அடங்கும்.