நாற்காலியோடு வரும் விருந்தாளி

1993ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் உள்ளிட்ட மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத மாட்டிறைச்சி ஹாம்பர்கர் சாப்பிட்ட 700க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். குற்றவாளி, ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா. மாட்டின் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் இது, மனிதனுக்குள் போனால் ரத்தக் கழிச்சலைத் தருகிறது. குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்துவிடுகிறது.

குடல் என்பது ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு. அதில் அடித்துச் செல்லப்படாமல் இந்தக் கிருமி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் பிரெட் ஃபின்லேயின் குழு 1997இல் விடை சொன்னது. அவர்கள் ஆராய்ந்தது ஓ157இன் நெருங்கிய உறவுக்காரக் கிருமியை. ஏழை நாடுகளில் கைக்குழந்தைகளை வயிற்றுப்போக்கால் வாட்டுவது அது. அதன் மேற்பரப்பில் இன்டிமின் என்ற புரதம் கொக்கிபோல நீட்டிக்கொண்டிருக்கும். கொக்கி மாட்டிக்கொள்ளும் வளையம் குடல் செல்லின் மேல் இருக்கிறது. அந்த வளையம் மனித செல்லுக்குச் சொந்தமானது என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். உண்மையில் அதைத் தயாரித்ததும் செல்லுக்குள் செலுத்தியதும் பாக்டீரியாதான்! உட்கார நாற்காலியையும் கையோடு கொண்டுவரும் விருந்தாளி.

செலுத்தும் கருவிக்குப் பெயர் 'மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு'. பெயர்தான் பாடப்புத்தகம் மாதிரி. கருவி என்னவோ அசல் ஊசி. பாக்டீரியாவின் இரண்டு உறைகளையும் துளைத்துக்கொண்டு நிற்கும். சால்மோனெல்லாவில் இதே ஊசியை 1998இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். துவாரம் மிகக் குறுகல் என்பதால் புரதம் மடிப்பு பிரிந்து நூல்போலத்தான் நுழைய வேண்டும். உள்ளே போய் அது செல்லின் மேலுறையில் அமர்ந்ததும், செல்லின் ஆக்டின் இழைகள் திரண்டு கிருமிக்கு அடியில் மேடையாக எழும்புகின்றன. திருடனுக்கு வீட்டுக்காரரே திண்ணை கட்டித் தருகிறார்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் போகாதா? ஓ157 விஷயத்தில் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். சில மருந்துகள் கிருமியை இன்னும் அதிகமாக நச்சைக் கக்க வைக்கின்றன.

எனவே மாட்டிலேயே மடக்கப் பார்த்தார் ஃபின்லே. ஊசி வெளியேற்றும் புரதங்களைக் கொண்டே மாடுகளுக்கான தடுப்பூசி உருவானது. 2008இல் கனடா அனுமதியும் தந்தது. போட்ட மாடுகளின் சாணத்தில் கிருமி குறைந்தது. ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. ஓ157ஆல் மாட்டுக்கு நோயே வருவதில்லையே! எங்கோ ஹாம்பர்கர் சாப்பிடும் குழந்தைக்காகப் பண்ணைக்காரர் ஏன் செலவழிக்க வேண்டும்? சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றுபோனது.