அவசரத்துக்கு அதிக வாடகை

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் சாயங்காலம் டீ குடிக்க நின்றால், யாராவது ஒரு யோசனையோடு வந்து சேர்ந்துவிடுவார்கள். போன வாரம் வந்தவன் எதிர்வீட்டுப் பையன். கூடவே இரண்டு கூட்டாளிகள். மூவருக்கும் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறார்கள்.

"மாமா, மூணு பேரும் சேர்ந்து அந்தமான்ல வீடு எடுத்து மூணு மாசம் தங்கலாம்னு இருக்கோம். கையைக் கடிக்காம முடியுமா?"

சில வருஷத்துக்கு முன்னால் நான் நீல் தீவில் இன்னும் மூன்று பேரோடு ஒரே வீட்டில் இரண்டரை மாதம் இருந்துவிட்டு வந்தேன். அதிலிருந்து தெருவில் எனக்கு அந்தமான் நிபுணர் என்று பெயர்.

தீவு என்பது பாண்டிச்சேரிக்காரனுக்குப் புதிதில்லை. 1730-களில் லா பூர்தொனே அங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்த காலத்திலேயே இங்கிருந்து கைத்தொழிலாளிகள் மொரிஷியசுக்குப் போயிருக்கிறார்கள். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கூலியாட்கள் ஒப்பந்தத்தில் கப்பலேறினார்கள். அவர்கள் வாரிசுகளை அங்கே இன்றும் 'மல்பார்' என்கிறார்கள். அதுவும் நீண்ட தங்கல்தான். எத்தனை பேர் விரும்பிப் போனார்கள் என்பது வேறு கதை. இன்றைக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீட்டுப் பிள்ளைகளுக்கு ரெயூனியன் பக்கத்து ஊர் மாதிரி. இந்தப் பையனிடம் இருப்பது ஆதார் அட்டை. ஆதாருக்கு அந்தமான்தான்.

"முடியும். ஆனா ஒரு வாரத்துக்குப் போறவன் கணக்கை நீ போடாதே" என்றேன். புரியவில்லை அவனுக்கு. நம்ம ஊரையே எடுத்துக்காட்டினேன். சனி, ஞாயிறுக்கு பெங்களூரிலிருந்து வருகிறவர் கடலோர பிரெஞ்சு வீதிகளில் அறை எடுக்கிறார். ஒரு ராத்திரிக்கு அவர் கொடுப்பதில், ஆறு மாதம் தங்க வந்தவர் குயவர்பாளையத்தில் பல நாள் ஓட்டிவிடுவார். இந்த ஆறு மாதக்காரர் பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவார். ஊர் ஒன்றுதான், நேரம் இல்லாதவர் அந்த இல்லாமைக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். தீவில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். காரணம் படகு.

டீக்கடை பெஞ்சில் பிஸ்கட் பாட்டிலைச் சென்னையாகவும் டம்ளரைப் போர்ட் பிளேராகவும் வைத்தேன். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் வைத்தாயிற்று. வாயில் இன்னும் வரவில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல. கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கப்பல் தினமும் கிடையாது, மாதத்தில் சில தடவைதான். பங்க் கிளாஸ் என்றால் ரயில் மாதிரி அடுக்குப் படுக்கை, பெரிய கூடம். ஒருவர் வாந்தி எடுத்தால் பத்துப் பேருக்குக் குமட்டும். லீவு எண்ணிப் போகிறவன் விமானம்தான் ஏற வேண்டும். தேதி முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை என்கிறவன் கப்பலுக்குக் காத்திருக்கலாம்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்கும் இதே கதை. 2018 டிசம்பரிலிருந்து அது ஸ்வராஜ் த்வீப். நீல் தீவு ஷஹீத் த்வீப். தனியார் படகு ஒன்றரை மணி நேரத்தில், ஏசி போட்டு, கொண்டுபோய் விடும். அரசு படகுக்கு இரண்டரை மணி நேரம், கட்டணமும் குறைவு. ஆனால் தீவுக்காரர்களுக்குத்தான் அதில் முன்னுரிமை. நமக்கு இன்று இல்லையென்றால் நாளை. நாளை என்று சொல்ல முடிகிறவனுக்கு அது மலிவு. மறுநாள் சென்னை விமானத்தைப் பிடிக்க வேண்டியவனுக்கு அந்த வழியே இல்லை.

"அப்ப வாடகை?" என்றான் கூட்டாளி.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு நம்பர். 3, 5 பக்கம் ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். உள்ளே கிராமங்களில், 1950-களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டோடு ஒட்டிய அறை, பின்கட்டு, தோப்புக்குள் தகர வீடு என்று மாத வாடகைக்குக் கிடைக்கும். போனில் பேசி அட்வான்ஸ் அனுப்பாதே. நாலு நாள் எங்காவது தங்கி, கடைத்தெருவில் விசாரித்து, கண்ணால் பார்த்துப் பிடி. பார்க்கும்போது கூரையைப் பார்க்கிறாயோ இல்லையோ, தண்ணீரைப் பார். கிணறா, குழாயா, மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும், டேங்க் எவ்வளவு பெரிது? அங்கே மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர் கொடுப்பது. அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் போகும், மோட்டார் போனால் மூன்று பேருக்கும் குளியல் போகும்.

அரிசி, பருப்பு, வெங்காயமும் அப்படித்தான். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் வெங்காய விலை ஏறும். காய்கறி ஓரளவு நீல் தீவிலேயே விளைகிறது. மீன், தேங்காய், வாழைக்குக் குறைவில்லை. பாண்டியில் இருக்கும்போது சாப்பிட்டதையே அங்கும் சாப்பிடுவேன் என்கிறவன் கையில்தான் காசு கரையும்.

கூட இருப்பவர்களைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். சண்டை பணத்தால் வரவில்லை. பொதுச் செலவுக்கு ஒரு டப்பா வைத்து வாரம் ஒருமுறை எல்லோரும் போட்டோம், அது ஒழுங்காக ஓடியது. சண்டை வந்தது வேகத்தால். ஒருவனுக்கு தினமும் கடலில் குதிக்க வேண்டும். இன்னொருவனுக்குத் திண்ணையில் படுத்துப் புத்தகம் படித்தால் போதும். முதலாமவன் எங்களைச் சோம்பேறிகள் என்றான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் லக்ஷ்மண்பூர் பக்கம், நீர் வற்றியிருந்த பவளத் திட்டில் நடந்து போய்விட்டான்.

இங்கே டீயை ஒரு சாஸரில் ஊற்றிக் காட்ட வேண்டியதாயிற்று. நம்ம கடற்கரையில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு, கண்ணில் படாது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரை போகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். நேற்று பத்து மணிக்கு நடந்த இடம் நாலைந்து நாள் கழித்து அதே பத்து மணிக்கு இடுப்பளவு தண்ணீர். சாஸர் மாதிரி தட்டையான திட்டு என்பதால் நீர் முன்னால் வராது, பக்கவாட்டுக் குழிகளில் புகுந்து பின்னால் வந்து நிற்கும். எங்கள் ஆள் முழங்காலெல்லாம் பவளத்தில் கிழிந்து திரும்பினான். அன்று ராத்திரி போட்ட சட்டம்: யார் எங்கே போகிறார்கள் என்று சமையலறைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம், கிளம்பும் முன் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தோம்.

கடிகாரத்தையும் நம்ப முடியாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு. பாண்டிச்சேரி ஏறக்குறைய 80, போர்ட் பிளேர் 93. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் வீதம் 13-ஐப் பெருக்கினால் 52 நிமிஷம். அவ்வளவு முன்னதாக அங்கே சூரியன் வந்து, அவ்வளவு முன்னதாகப் போகும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டு. ஹேவ்லாக்கில் காட்டுப்பாதையில் எலிஃபென்ட் பீச் போவதோ, டிக்லிபூரில் 730 மீட்டருக்குச் சற்றே மேல் நிற்கும் சேடில் பீக் ஏறுவதோ, விடியும்போதே கிளம்பினால்தான். ஆறு மணிக்கு வேலையை முடித்துவிட்டுக் கடலுக்குப் போகலாம் என்பது பாண்டிக் கணக்கு.

மழையிலும் நாம் ஏமாறுவோம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை. அங்கே தென்மேற்குப் பருவமழை மே மூன்றாம் வாரத்திலேயே, கேரளத்துக்கும் முன்னால், வந்து இறங்கிவிடும். நமக்குக் கத்திரி வெயில் கொளுத்தும்போது அங்கே படகு ரத்து. ஜனவரி முதல் மார்ச் வரை என்று வைத்துக்கொண்டால் ஸ்கூபா, ஸ்நார்க்கலுக்குத் தண்ணீர் தெளிவு. ஸ்கூபாவையும் முதல் வாரத்திலேயே பேக்கேஜாக வாங்காதே. காற்றில்லாத நாளை நீ தேர்ந்தெடுக்கலாம். வாரக்கடைசி வருகிறவனால் அது முடியாது.

"முதலை இருக்காமே?" இருக்கிறது, உவர்நீர் முதலை. 2010-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைப் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பயணி அதற்குப் பலியானார். சதுப்புநிலக் காடு, ஓடை முகத்துவாரம் பக்கம் இறங்காதே. பலகை வைத்திருந்தால் வாதாடாதே. ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியே போகும் சாலையில் போலீஸ் துணையோடு வரிசையாகத்தான் வண்டிகள் போகும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அங்கே இருப்பவர்கள் வேடிக்கைப் பொருளில்லை. பவளத்துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதே. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பான் என்று காத்திருந்தேன், கேட்டான். நான் இருந்த காலத்தில் ஒரு படம் அனுப்ப ஜெட்டிக்கு சைக்கிளில் போக வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர், போர்ட் பிளேருக்கும் இன்னும் ஏழு தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதில் ஹேவ்லாக் உண்டு. எனக்குப் பிடித்தது நீல்தான், ஆனால் உங்கள் வேலைக்கு ஹேவ்லாக்கில் இருங்கள்.

"சரி மாமா, முதல்ல என்ன பண்ணணும்?"

"கப்பல்ல போனா நடுக்கடல்ல சிக்னல் கிடையாது. முதல்ல உங்க அம்மாகிட்ட சொல்லு, மூணு நாள் போன் அடிச்சா எடுக்க மாட்டேன்னு."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பையன் போனை எடுத்து விமான டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தான்.