கார்டன் பார்ட்டிக்கு காரைக்குடி அண்டா... அழகுக்கு ஓகே, ஜூஸுக்கு?

கோடை மாலையில் தோட்டத்தில் பார்ட்டி வைக்கிறவங்க இப்போ பழம்பொருட்கள் மேல ஒரு கண் வைக்கிறாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பித்தளை அண்டா, எனாமல் தூக்குவாளி, பர்மா தேக்குப் பெட்டி எல்லாம் கிடைக்கும். ஆனா அழகா இருக்கிற எல்லாத்திலும் சாப்பாடு வைக்க முடியாது.

ஏன்?

எலுமிச்சை ஜூஸ், மோர் போன்ற புளிப்பான பானங்கள் செம்பு, பித்தளையைக் கரைக்கும். அதைக் குடித்தால் வாந்தி, வயிற்றுவலி வரலாம். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஈயம் பூசினாங்க. பூச வேண்டியது வெள்ளீயம், காரீயம் நச்சு. பழைய எனாமல், பீங்கான் பாத்திரங்களின் வண்ணப்பூச்சிலும் காரீயம் இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

என்ன செய்யலாம்?

* அண்டாவில் தண்ணீர் ஊற்றிப் பூக்களை மிதக்கவிடலாம். ஐஸ் நிரப்பி, மூடிய பாட்டில்களை அடுக்கலாம். அந்த ஐஸை டம்ளரில் போடாதீங்க.
* தூக்குவாளியைப் பூந்தொட்டியாக்கலாம்.
* ஜூஸ், மோருக்குப் புது கண்ணாடி ஜாடி போதும்.
* தேக்குப் பெட்டி நிழலிலேயே இருக்கட்டும். வெயிலில் விரிசல் விடும்.

அண்டாவில் சமைத்தே ஆகணுமா? முதலில் ஈயம் பூசுபவரிடம் கொடுங்க. வெள்ளீயம்தானான்னு கேட்டுக்கோங்க.