பி.ஏ. இங்கிலீஷ் படிக்கக் கடன் வாங்கலாமா?

ப்ளஸ் டூ முடித்த அக்கா, அண்ணன் உள்ள வீடுகளில் எல்லாம் எந்தக் கல்லூரி என்ற பேச்சுத்தான். என் அக்காவுக்கு பி.ஏ. ஆங்கில இலக்கியம் மேல் ஆசை. “இங்கிலீஷ் படிச்சா வேலையா கிடைக்கும்?” என்று சிலர், “இங்கிலீஷ் தெரிஞ்சா உலகமே கையில” என்று சிலர். ரெண்டு பேருமே கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அதனால் நான் போட்டேன்.

முதலில் செலவு. அரசு கலைக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், இதர கட்டணம் என்று கொஞ்சம்தான் ஆகும். ஆனால் அங்கே இடம் மார்க்கைப் பார்த்துத் தருவார்கள். கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. வேனுக்கும் சேர்த்து வருடம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 1,50,000. நம்ம வீடுகளில் அது கையில் இருக்காது. கல்விக் கடன்தான்.

கல்விக் கடனுக்கு 4 இலட்சம் வரை நிலப் பத்திரமோ நகையோ ஈடு வைக்க வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும் காலமும் அதற்கப்புறம் ஒரு வருடமும் தவணை கட்டச் சொல்ல மாட்டார்கள். நாலு வருடம் நிம்மதி என்று தோன்றும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும்.

வட்டி 10 சதவீதம் என்றால் பாருங்கள். முதல் வருடம் வாங்கிய 50,000க்கு நாலு வருட வட்டி 20,000. இரண்டாம் வருடப் பணத்துக்கு 15,000. மூன்றாவதற்கு 10,000. ஆக 45,000. தவணை ஆரம்பிக்கும் அன்றைக்கே கடன் 1,95,000 ஆகிவிடும்! அதை 5 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 4,143 ரூபாய். 10 வருடம் என்றால் மாதம் சுமார் 2,577தான், ஆனால் மொத்தமாகக் கட்டுவது மூன்று இலட்சத்தைத் தாண்டும்.

படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் 2009இல் வந்தது. வருமானம் 4.5 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். நமக்குச் சரியாக இருக்குமே என்று சந்தோஷப்பட்டேன். அது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும்தானாம். பி.ஏ. இங்கிலீஷுக்கு இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது சம்பளம். ஒரு கல்லூரி நோட்டீசில் ‘சராசரி சம்பளம்’ என்று பெரிசாகப் போட்டிருந்தது. நம்ம 9ஆம் வகுப்புக் கணக்கில் புள்ளியியல் பாடம் இருக்கிறதே, அதை இங்கே போடலாம். ஐந்து பேருடைய சம்பளம் 9,000, 9,000, 10,000, 12,000, 60,000 என்று இருந்தால் கூட்டுச் சராசரி 20,000 வரும். இடைநிலை அளவு 10,000தான். நாலு பேர் அந்தச் சராசரியில் பாதியை ஒட்டித்தான் வாங்குகிறார்கள். அதனால் நோட்டீஸ் தருகிறவர்களிடம், “நடுவில் இருக்கிறவருக்கு எவ்வளவு?” என்று கேட்க வேண்டும்.

எங்கள் தெருவில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்த ஒரு அக்கா தனியார் பள்ளியில் 9,000 வாங்குகிறார். 4,143 தவணை போனால் கையில் 4,857. அதில் சாப்பாடும் பஸ்ஸும்.

அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400ல் ஆரம்பிக்கிறது. ஆனால் பி.ஏ. மட்டும் போதாது. இரண்டு வருடம் பி.எட்., பிறகு தகுதித் தேர்வு, அதற்கு மேல் போட்டித் தேர்வு. கடன் தவணையோ படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் வந்து நிற்கும். பி.எட். செலவு தனி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்கு இளநிலை உதவியாளர் சம்பளம் 19,500ல் ஆரம்பம். அதற்குப் பத்தாம் வகுப்பே தகுதி! அதில் தமிழ்த் தாளில் தேறாவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். இங்கிலீஷ் படிக்கிறவர்களும் தமிழை விட்டுவிட முடியாது. (தமிழ் ஐயா இதைப் படித்தால் சிரிப்பார்.)

இங்கிலீஷ் பிறந்த இங்கிலாந்திலும் இதே கவலை உண்டு. அங்கே 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வருட வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தான் கல்விக் கடன் பிடிப்பார்கள். தாண்டிய பணத்தில் 9 சதவீதம். 40 வருடத்தில் தீராவிட்டால் மீதி தள்ளுபடி. நம்ம ஊரில் சம்பளம் 9,000 ஆனாலும் 90,000 ஆனாலும் தவணை ஒன்றுதான். தவறினால் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அப்பாவின் பேரும் கெடும். பிறகு அவர் வேறு கடன் கேட்டுப் போனால் யோசிப்பார்கள்.

எங்கள் அப்பத்தா இன்னொரு கணக்கு சொல்லுச்சு. “மில்லுக்குப் போனா மாசம் பத்தாயிரம். மூணு வருசத்துக்கு எவ்வளவுடி?” 3,60,000. கடனை விடப் பெரிசு! இதை யாரும் செலவில் சேர்ப்பதில்லை. ஆனால் மில் கூலி பத்து வருடம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று நான் கேட்டேன். அப்பத்தா பதில் சொல்லவில்லை, வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டது.

ஒரு வழி இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. 36 மாதத்துக்கு 36,000. நம்ம கடனுக்கு அந்த மூன்று வருட வட்டி 5,000, 10,000, 15,000, மொத்தம் 30,000. அந்தப் பணத்திலேயே வட்டியைக் கட்டிவிட்டால் தவணை தொடங்கும்போது கடன் 1,65,000தான். 5 வருடத்துக்கு மாதம் சுமார் 3,506 வரும். படிக்கும்போதே வட்டி கட்டினால் சில பேங்க்கில் 1 சதவீதம் குறைக்கவும் செய்கிறார்கள்.

அப்படிக் குறைத்தும் 9,000க்கு 3,506 பெரிய தொகைதான். எனவே என் கணக்குப்படி அரசுக் கல்லூரி கிடைத்தால் பி.ஏ. இங்கிலீஷை யோசிக்காமல் படிக்கலாம். ஒன்றரை இலட்சம் கடன் என்றால் பி.எட்.டுக்கும் வழி பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும். அதற்கு மேல் கேட்கிற கல்லூரி வேண்டாம். அக்கா இரண்டு அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இந்த வருடம் சேர்க்கை இருந்தால் என் கணக்கு நோட்டைத் தருகிறேன். உங்கள் கல்லூரிக் கட்டணத்தைப் போட்டுப் பாருங்கள். புதன்கிழமைக்குள் திருப்பித் தரவும், வீட்டுப்பாடமும் அதில்தான் இருக்கிறது.

— 9ஆம் வகுப்பு மாணவி