கேட்கக் கூசும் பிள்ளைகள்

கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்குக் கடன் வாங்கியாவது பணம் கட்டுகிறோம். பஸ் பாஸ் எடுத்துக் கொடுக்கிறோம். நல்ல சட்டை இரண்டு தைத்துக் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் கல்லூரியின் நூலகத்துக்குள் நுழைந்து, தனக்கு வேண்டியதைத் தேடி எடுக்கத் தெரியுமா என்று அவனிடம் நாம் கேட்பதில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கொள்கிறோம். பேராசிரியரும் அப்படித்தான் நினைக்கிறார். தெரியாது என்பது மாணவனுக்கு மட்டுமே தெரியும். அவன் அதை வெளியே சொல்வதில்லை.

இந்த மௌனத்தைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். மாணவர்களுக்குத் தகவல் தேடும் திறமையை எப்படிக் கற்றுக் கொடுப்பது என்பதே அவர்கள் எடுத்துக் கொண்ட கேள்வி. அதற்கு அவர்கள் கண்ட விடைகள், ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்து, குடும்பத்திலேயே முதல் முறையாகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெங்களூர்த் தமிழர்களுக்கும் பயன்படக் கூடியவை.

பயம்தான் முதல் தடை

கான்ஸ்டன்ஸ் மெலன் என்ற அம்மையார் அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் தென் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சியை 1986ல் வெளியிட்டார். கட்டுரை எழுதுவதற்காக நூலகத்தில் தேடும்போது மனதில் தோன்றுவதை அப்படியே எழுதி வைக்கும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 6,000 மாணவர்கள் இந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டார்கள். அவர்களில் 75 முதல் 85 சதவிகிதம் பேர் நூலகத்தில் தங்கள் முதல் அனுபவத்தைப் பயம் என்றே வர்ணித்திருந்தார்கள். வழி தவறிப் போனது போல் இருந்தது என்று பலர் எழுதினார்கள்.

காரணங்கள் நான்கு: நூலகத்தின் பிரமாண்டம், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமை, எப்படித் தொடங்குவது என்று தெரியாமை, அடுத்து என்ன செய்வது என்று புரியாமை. இவற்றைவிட முக்கியமான ஒன்றையும் மெலன் கண்டார். ஒவ்வொரு மாணவனும், "மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை" என்று நினைத்தான். தெரியாதது வெட்கக்கேடு என்று கருதினான். கேட்டால் குட்டு உடைந்து விடும் என்று கேட்காமலே இருந்தான். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இதே எண்ணத்துடன் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்காவில், சொந்த மொழியிலேயே படிக்கும் மாணவனுக்கு இந்த நிலை என்றால், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமும் என்று வளரும் நம் பிள்ளைக்கு எவ்வளவு கூச்சம் இருக்கும்! நூலகத்தின் பக்கமே போகாமல் பஜார் நோட்ஸ் ஒன்றை வாங்கி ஒப்பேற்றி விடலாம் என்று அவன் நினைத்தால், அதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். புதிதாக வேலைக்கு வந்த குமாஸ்தாவிடம் பத்து வருஷத்துக்கு முந்தைய காகிதம் ஒன்றைக் கேட்டால் ரிக்கார்டு அறை வாசலில் திகைத்து நிற்பார். "முதலில் இன்வர்டு ரிஜிஸ்டரைப் பார், அதில் பைல் நம்பர் இருக்கும், அந்த நம்பரை வைத்துத் தேடு" என்று பழைய குமாஸ்தா ஒருவர் சொல்லிக் கொடுத்த பிறகு, அதே மனிதர் ஐந்து நிமிஷத்தில் எடுத்து வந்து விடுவார். இதில் புத்திசாலித்தனத்தைவிட வழி தெரிவதுதான் முக்கியம்.

எப்போது சொல்லிக் கொடுப்பது?

வருஷத் தொடக்கத்தில் புது மாணவர்களை வரிசையாக அழைத்துப் போய், "இது குறிப்பு நூல் பகுதி, இது பத்திரிகைப் பகுதி" என்று காட்டிவிட்டு அனுப்புவது பல இடங்களில் உள்ள வழக்கம். அது மட்டும் போதாது என்று அனுபவம் காட்டியது.

மோட்டார் தொழிற்சாலைகளின் நகரமான டெட்ராய்ட்டில், வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்டீத் கல்லூரியில், 1960ல் பாட்ரிசியா நாப் என்பவர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். நூலகப் பயிற்சியைத் தனிப் பாடமாக வைக்கக் கூடாது. நூலகரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து, பாடத்துக்குள்ளேயே அதைப் பின்னிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இந்தப் பரிசோதனையின் விவரங்கள் 1966ல் புத்தகமாக வந்தன.

இந்தியானா மாநிலத்தில் உள்ள எர்ல்ஹாம் என்ற சிறிய கல்லூரியில் 1962ல் நூலகராகப் பொறுப்பேற்ற ஈவன் பார்பர், இதை அன்றாட நடைமுறையாகவே ஆக்கிக் காட்டினார். ஆசிரியர் கட்டுரைத் தலைப்பைக் கொடுத்ததும் நூலகர் வகுப்புக்கு வருவார். அந்தத் தலைப்புக்கு எந்த நூலை முதலில் பார்ப்பது, அதிலிருந்து எங்கே போவது என்று படிப்படியாக விளக்குவார். மாணவனுக்குத் தேவை ஏற்பட்ட நேரத்தில் சொல்லிக் கொடுத்ததுதான் மனதில் நின்றது. பசி எடுத்தவனுக்குத்தானே சாப்பாட்டின் அருமை தெரியும்!

நடுவில் வரும் குழப்பம்

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் குல்தாவ் 1980களில் மாணவர்களின் நாட்குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். படிக்கப் படிக்கத் தெளிவு வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர் கண்டது வேறு. தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் மாணவனுக்கு உற்சாகம் பிறக்கிறது. பிறகு நாலைந்து புத்தகங்களைப் புரட்டியதும், ஒன்றுக்கொன்று முரணான செய்திகளைக் கண்டு குழம்பிப் போகிறான், நம்பிக்கை சரிகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டி, தான் எதைப் பற்றி எழுதப் போகிறோம் என்று ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் தெளிவு பிறக்கிறது.

நடுவில் வரும் குழப்பம் தோல்விக்கு அடையாளம் அல்ல, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம் என்பது இதிலிருந்து தெரிகிறது. இதை முன்கூட்டியே அறிந்த மாணவன் பாதியில் கைவிட மாட்டான்.

கைபேசி வந்த பிறகு

இப்போது எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறதே, நூலகம் எதற்கு என்று கேட்கலாம். 2010ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 25 கல்லூரிகளைச் சேர்ந்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் விசாரித்தார்கள். எங்கே தொடங்குவது என்பதுதான் மிகவும் கஷ்டம் என்று 84 சதவிகிதம் பேர் சொன்னார்கள். இன்டர்நெட் வந்தும் பழைய கஷ்டம் தீரவில்லை.

புதிய கஷ்டம் ஒன்றும் சேர்ந்து கொண்டது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 25 மாணவர்கள், 10 சரித்திரப் பேராசிரியர்கள், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் காட்டினார்கள். மாணவர்களில் மிகப் பலரும், பேராசிரியர்களில் சிலரும், பக்கத்தின் அழகையும் முத்திரையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. உடனே வெளியே வந்து, அதை நடத்துபவர் யார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் பார்த்தார்கள். பெண் கேட்டு வந்தவரின் பேச்சை நம்பாமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போன்ற முறைதான் இது. இந்த முறையைப் பல பல்கலைக்கழக நூலகர்கள் இன்று மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள்.

நம்மவர் சொன்னது

இவற்றில் அடிப்படையான கருத்து தமிழ் நாட்டுக்குப் புதியதல்ல. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931ல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு அதன் வழிகளைப் பழக்கிவிடுவதை நூலகரின் கடமைகளில் ஒன்றாக அவர் வகுத்தார். 1962ல் இதே பெங்களூரில் ஆவணப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி வைத்து, 1972ல் இங்கேயே காலமானார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தாய் தகப்பன் படித்திருக்க வேண்டியதில்லை. சில விஷயங்களைப் பிள்ளையிடம் சொன்னால் போதும்.

உனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று நினைக்காதே. முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

ஒரே பொருளைப் பற்றிய புத்தகங்கள் ஒரே எண் வரிசையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அதன் இடமும் வலமும் பார். அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள நூல் பட்டியலையும் பார்.

கல்லூரியில் கிடைக்காவிட்டால் கப்பன் பார்க்கில் உள்ள சிவப்புக் கட்டடத்துக்குப் போ. சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் உள்ள அந்த நூலகம் பொதுமக்களுக்கானது. கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கி 2018ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய மின்நூலகத்தைக் கைபேசியிலேயே காசில்லாமல் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூலகரிடம் போய்க் கேள். "சார், இதைப் பற்றி எழுத வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம்?" என்ற ஒரு கேள்வி போதும். ஆங்கிலம் தடுமாறினால் தெரிந்த மொழியில் கேள். பதில் சொல்வதற்காகவே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

கல்லூரிக் கட்டணத்தில் நூலகத்துக்கான பங்கும் அடங்கியிருக்கிறது. ஓவர்டைம் பார்த்துக் கட்டிய பணம் அது. பிள்ளை கூச்சப்பட்டு வாசலோடு திரும்பினால் அந்தப் பணம் வீண்தான். அடுத்த முறை கட்டண ரசீதை வாங்கி வைக்கும்போது, "நூலகரிடம் பேசினாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.