சொல்லும் ஊரும் – 23: ஐயோ என்று யாரைக் கூப்பிடுகிறோம்?

தரங்கம்பாடிக் கோட்டைக்குக் கிழக்கே, கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஒரு சிறுமி கால் வழுக்கி விழுந்தாள். "அம்மா!" என்று அலறினாள். அவளுடைய அம்மா கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். சிறுமி அவரைப் பார்க்கவே இல்லை. சிராய்த்த முழங்காலைப் பார்த்துத்தான் அலறினாள். தாய் "ஐயோ, ஐயோ" என்று பதறி ஓட, காய்ந்த கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் அதட்டினார்: "வெளக்கு வைக்கிற நேரத்துல ஐயோங்காதடி. அவ எமன் பொண்டாட்டி. கூப்பிட்டா வந்து நிப்பா."

'கூப்பிட்டா' என்றாரே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரம் எழுதுகிறேன்.

1706-ல் இந்தக் கரையில் வந்து இறங்கிய கிறித்தவ மறைபணியாளர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகியதைச் சென்ற வாரம் பார்த்தோம். பத்து ஆண்டுகள் கழித்து, 1716-ல், அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. நூல் லத்தீனில் இருந்தது. இலக்கணச் சட்டகமும் லத்தீனுடையதே. அந்த மரபில் சொல்வகைகள் எட்டு. அவற்றில் ஒன்று 'இன்டர்ஜெக்டியோ'. 'நடுவே எறியப்பட்டது' என்று பொருள். ஆ, ஓ, ஐயோ போன்றவற்றுக்கெல்லாம் அங்கேதான் இடம். இந்த வகை வந்த கதையும் சுவையானது. கிரேக்கர்கள் இத்தகைய ஒலிகளை வினையடைகளோடு சேர்த்திருந்தார்கள். ஆங்கிலத்தின் 'தி' போன்ற ஒரு சொல்வகை கிரேக்கத்தில் உண்டு, லத்தீனில் இல்லை. எட்டில் ஒன்று குறைந்ததால், உணர்ச்சி ஒலிகளைப் பிரித்தெடுத்துத் தனி வகையாக்கி ரோமானியர்கள் கணக்கைச் சரிக்கட்டினார்கள்.

தமிழில் பெயர், வினை, இடை, உரி என நான்கே. உணர்ச்சி ஒலிகளுக்குத் தனி வகை கிடையாது. பெரும்பாலும் இடைச்சொல்லில் அடங்கிவிடும். அதனால் நம்மவர்கள் அவற்றைக் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஓகாரத்துக்குத் தொல்காப்பியம் ஆறு பொருள் சொன்னது. நன்னூல் அதை எட்டாக்கியது. கூடுதலாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று கழிவு, அதாவது நடந்துபோனதை எண்ணி இரங்குதல். கைநழுவியதை நினைத்து "ஓ..." என்று நாம் இழுக்கிறோமே, அதற்கும் இலக்கணத்தில் இடம் கிடைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 'அம்ம' என்ற சொல். எதிரே இருப்பவரைக் கேட்க வைக்கும் சொல் அது என்கிறது தொல்காப்பியத்தின் இடையியல். விளிமரபு இன்னும் ஒரு படி போகிறது: அது வெறும் அசைச்சொல்தான், ஆனாலும் நீண்டு 'அம்மா' என்று ஒலிக்கும்போது, தெளிந்தவர்கள் அதை விளியோடு சேர்த்துக்கொள்வார்கள் என்கிறது. விளி என்றால் கூப்பிடுதல். கல்லில் விழுந்த சிறுமி எழுப்பிய ஒலிக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டார் தொல்காப்பியர்!

நம் உணர்ச்சிச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். வலித்தால் அம்மா. சுமையை இறக்கினால் அப்பாடா. மலைத்தால் அடேயப்பா, எம்மாடி. திகைத்தால் ஆத்தாடி. தந்தையையும் தலைவனையும் குறிக்கும் 'ஐயன்' விளியாகி ஓகாரம் ஏற்றால் ஐயோ. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே ஐயோதான். லத்தீன்காரர் நடுவே எறிந்ததை நாம் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிறோம். கூப்பிடப்படுபவர் அருகில் இருக்க வேண்டும் என்றில்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தாயைப் பறிகொடுத்து நாற்பது ஆண்டு ஆனவரும் இடுப்பு பிடித்துக்கொண்டால் "அம்மா" என்கிறார்.

இதே ஊரில் வேறொரு ஐயோவும் கேட்கிறது. ராஜவீதியில் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அங்கே வாசிக்கும் தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 23-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், 'உங்களுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒரு சொல்லும் அதையடுத்து ஐயோவும் மீண்டும் மீண்டும் வரும். மூலத்தின் கிரேக்கச் சொல் அப்படித்தான் வேற்றுமை ஏற்கும். தமிழும் அதன் பின்னே போயிருக்கிறது. வீட்டில் நாம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. இந்த ஐயோ யாரையும் கூப்பிடவில்லை. எச்சரிக்கையாக, எதிரே நிற்பவர் மேல் போய் விழுகிறது. உண்மையாகவே எறியப்பட்ட சொல். அதன் கடுமைக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாட்டியிடம் திரும்பி வந்தேன். அதற்குள் சிறுமியின் முழங்காலில் மஞ்சள் பூசியிருந்தார். எமன் பொண்டாட்டி கதை எங்கள் அப்பாயியும் சொன்னதுதான், அப்போது சிரித்தேன். இங்கே சிரிக்க முடியவில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரையில் அந்தப் பெயரைச் சொல்லாத வாய் இருந்திருக்காது. பாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னார். ஏற்றிவிட்டேன். "அப்பாடா" என்று மூச்சுவிட்டு நிமிர்ந்து நடந்தார்.